மண்டரி: தேங்காயைச் சுருக்கும் சிலந்திப்பேனுக்கு குலசேகரம் தென்னையில் இருக்கும் பதில்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர கிராமங்களில் தேங்காயைக் கையில் எடுத்ததுமே 'மண்டரி புடிச்சது' என்று சொல்லிவிடுவார்கள். காம்புக்குக் கீழே பழுப்பான, சொரசொரப்பான தழும்பு. நீளவாக்கில் வெடிப்பு. சில காய்களில் பிசின் வடிந்து உறைந்திருக்கும். மட்டை இறுகிப்போவதால் உரிக்க நேரம் பிடிக்கும், உரித்துப் பார்த்தால் காயும் சின்னது, பருப்பும் குறைவு.

மண்டரி என்பது மலையாளப் பெயர். எல்லையோரத் தமிழிலும் அதேதான் புழங்குகிறது. தமிழ்நாட்டு வேளாண் துறை இதை ஈரியோபைட் சிலந்தி என்கிறது. இந்தியாவில் இது முதலில் பதிவானது 1998-ல், எர்ணாகுளம் மாவட்டம் அம்பல்லூர் பஞ்சாயத்தில். சில ஆண்டுகளுக்குள் கேரளா முழுவதும், தமிழ்நாட்டிலும் பரவிவிட்டது. தாக்குதல் கடுமையாக இருந்த அந்த ஆண்டுகளில் கொப்பரை இழப்பு சுமார் 30 சதவீதம் வரை மதிப்பிடப்பட்டது.

அன்று வைத்த மரங்கள் பலவும் வயதாகி, இப்போது புதுக் கன்று நடும் நேரம் வந்திருக்கிறது. நெட்டைத் தென்னை அறுபது ஆண்டுக்கு மேல் நிற்கும். எந்தக் கன்றை நடுகிறோம் என்பது அடுத்த தலைமுறையின் வருமானத்தையும் சேர்த்து முடிவு செய்கிற விஷயம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

இந்தச் சிலந்திப்பேனின் நீளம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. புழு மாதிரி உடம்பு. மற்ற சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால் என்றால் இதற்கு நாலே நாலுதான். அறிவியல் பெயர் அசேரியா கெரரோனிஸ். மெக்சிகோவின் கெரேரோ மாநிலத்தில் கிடைத்த மாதிரியை வைத்து 1965-ல் விவரிக்கப்பட்டதால் அந்தப் பெயர்.

காயின் தலையில் தொப்பி மாதிரி ஒட்டியிருக்கும் இதழ்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் அடியில்தான் இதன் குடித்தனம். குரும்பை ஒரு மாத வயதை எட்டும்போது காற்றில் வந்து உள்ளே நுழையும், இளம் திசுவில் சாறு உறிஞ்சும். ஒரு காய்க்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும். வெளியே நாம் பார்க்கும் தழும்பு, உள்ளே காயம்பட்ட தோல் காய் வளர வளர கீழே இறங்கி வந்தது.

முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு ஏழு முதல் பத்து நாள். நெட்டைத் தென்னையோ நட்டு ஐந்து முதல் ஏழு ஆண்டு கழித்துத்தான் காய்க்கும். ஒரு சின்னக் கணக்கு போடலாம். பத்து நாளுக்கு ஒரு தலைமுறை என்றால் ஆண்டுக்கு 36. கன்று நட்டு முதல் குலை தள்ளும் ஆறு ஆண்டில் இது 200 தலைமுறையைத் தாண்டிவிடும்.

இன்னொரு விஷயமும் அதற்குச் சாதகம். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும். அதாவது ஆணுக்கு ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு பிரதிதான். மருந்தைத் தாங்கும் மாற்றம் ஒன்று வந்தால் அது இன்னொரு பிரதிக்குப் பின்னால் ஒளிந்திருக்காது, உடனே பலன் தரும். சிலந்திப்பேன் இனங்களில் மருந்து எதிர்ப்பு வேகமாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இவ்வளவுக்கும் இந்தக் குடும்பத்தின் மரபுத்தொகுதி மிகச் சிறியது. இதன் உறவான தக்காளி சிலந்திப்பேனின் மரபுத்தொகுதி 3.25 கோடி எழுத்துதான் என்று 2020-ல் வெளியான ஆய்வு காட்டியது. தென்னைக்கு சுமார் 240 கோடி. எழுபது மடங்குக்கு மேல் பெரிய புத்தகம் வைத்திருக்கும் மரத்தை இப்படி ஒரு கையடக்கப் பிரதி ஆட்டி வைக்கிறது.

எங்கிருந்து வந்தது?

2005-ல் வெளியான மரபணு ஆய்வில் அமெரிக்க கண்டங்கள், ஆப்பிரிக்கா, இந்தியப் பெருங்கடல் பகுதி மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. அதிக வேறுபாடு பிரேசிலில் இருந்தது. ஆப்பிரிக்க, ஆசிய மாதிரிகளோ கிட்டத்தட்ட ஒரே வார்ப்பு. பூர்வீகம் அமெரிக்கா, அங்கிருந்து கிளம்பி வந்தது ஒரு சின்னக் கூட்டம் என்பதுதான் இதன் பொருள். நமக்கு இது ஓரளவு நல்ல செய்தி என்றே நினைக்கிறேன். எதிராளி ஒரே மாதிரி இருந்தால் ஓர் ஊரில் தாக்குப்பிடிக்கும் மரம் அடுத்த ஊரிலும் தாக்குப்பிடிக்க வாய்ப்பு அதிகம்.

தடுப்பது விஷமா, வடிவமா?

பயிர் எதிர்ப்பு என்றதும் செடி சுரக்கும் ஏதோ ரசாயனம்தான் நினைவுக்கு வரும். தென்னையில் பெரும்பாலும் விஷயம் காயின் வடிவத்தில் இருக்கிறது. உருண்டைக் காயில் தொப்பி இதழ்கள் சுற்றிலும் சீராக அழுந்தி நிற்கும், நீளமான, விளிம்பு எடுத்த காயில் இடைவெளி விழும். மேற்கு ஆப்பிரிக்காவில் கம்போடியா நெட்டை வகை தப்பியதும், கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் உருண்டையான கரும்பச்சைக் காய்கள் குறைவாகத் தாக்கப்பட்டதும் இதோடு ஒத்துப்போகின்றன. காயின் வடிவம் பரம்பரையாக வருவது, அதனால் அதைத் தேர்ந்தெடுத்து வளர்க்க முடியும்.

நம் பக்கத்தில் அப்படித் தேர்ந்தெடுத்தது 'கல்ப ஹரிதா'. காசர்கோட்டில் தலைமையகம் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ரகம். இளநீர், கொப்பரை இரண்டுக்கும் ஆகும், மண்டரி பாதிப்பு குறைவு. இதன் மூலம் 'குலசேகரம் பச்சை நெட்டை'. ஆமாம், கன்னியாகுமரி மாவட்டத்து குலசேகரம்தான்! பாறசாலையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். 1956 நவம்பர் 1-ல் எல்லை பிரியும் வரை இரண்டும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்.

ஆனால் ஒன்று, 'பாதிப்பு குறைவு' என்றால் 'வரவே வராது' என்று அர்த்தம் இல்லை. இறுக்கமான தொப்பிக்கு இன்னொரு முகமும் உண்டு. இலங்கையில் 1997 கடைசியில் கல்பிட்டியில் மண்டரி தென்பட்டது. பிறகு அங்கே நடந்த ஆய்வில், பாதிக்கப்படாத காயின் இடுக்கு மண்டரி நுழையப் போதும், அதைத் தின்னும் நியோசியுலஸ் பராக்கி என்ற வேட்டைச் சிலந்திப்பேனுக்குப் போதாது என்று தெரிந்தது. தாக்குதலுக்குப் பிறகு இடுக்கு அகலமாகும், அப்போதுதான் வேட்டைக்காரன் உள்ளே போக முடியும். தெளிக்கும் மருந்துக்கும் இதே சிக்கல்தான்.

கன்று வாங்கும்போது

'நம்ம மரத்துல மண்டரியே இல்ல, அந்தக் காயையே முளைக்கப் போடலாம்' என்பது நியாயமான யோசனைதான். ஆனால் நெட்டை ரகத்தில் ஒரே பாளையில் ஆண் பூ உதிர்ந்த பிறகே பெண் பூ தயாராகும். மகரந்தம் பெரும்பாலும் அடுத்த மரத்திலிருந்து வரும். தாய் யாரென்று தெரியும், தகப்பன் யாரென்று தெரியாது. பத்துக் கன்றில் எத்தனை தாயைப் போல இருக்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. குட்டை ரகங்கள் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் அங்கே இந்தக் குழப்பம் குறைவு.

அதனால் நாற்றுப்பண்ணையில் ரகத்தின் பெயரோடு, விதைக்காய் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்றும் கேளுங்கள். நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே, பாலராமபுரத்தில், கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிற்கிற மரங்களுக்கு, உதிர்ந்த மண்டரிக் குரும்பைகளைப் பொறுக்கி எரிப்பது, பொட்டாஷ் குறையாமல் உரமிடுவது, வேப்பெண்ணெய்-பூண்டு கரைசலை இளம் குலைகளில் தொப்பிப் பகுதி நனையும்படி தெளிப்பது ஆகியவை பரிந்துரையில் உள்ளன. ஏற ஆள் கிடைக்காத உயரமான மரங்களுக்கு அசாடிராக்டின் மருந்தை வேர் வழியாகக் கட்டுவார்கள்.