நிற்கும் வண்டி ஏன் நடுங்குகிறது?

ஓடும் காரின் வேகத்தைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். வண்டி நின்றபடி இருக்க எந்திரம் மட்டும் சுழலும் நிலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. மெக்கானிக்குகள் 'ஐட்லிங்' என்று சொல்லும் இந்நிலைதான் எந்திரத்துக்குக் கடினமான தேர்வு. நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுகள். காற்று வழியோ ஏறத்தாழ மூடிக் கிடக்கிறது. உருளைகளுக்குள் செல்லும் காற்றும் பெட்ரோலும் மிகச் சொற்பம். சொற்பமான அளவில் சிறு பிழை நேர்ந்தாலும் வண்டி குலுங்கும், 'மிஸ் அடிக்கும்'.

கவரைப்பேட்டை வழியே கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருபது, இருபத்தைந்து வயதான கார்களை இன்றும் காணலாம். அப்படியொரு கார் உங்களிடம் இருந்து, அது நின்ற இடத்தில் நடுங்கினால், "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்ற சொல்லை நம்பிப் பணத்தைக் கொட்டுமுன் அந்த உறுப்புகளின் வரலாற்றைச் சற்று அறிந்துகொள்ளுங்கள். எந்த உறுப்பு எதற்காக வந்தது என்று தெரிந்தால், எதை முதலில் சோதிப்பது என்பதும் விளங்கும்.

கார்புரேட்டரின் காலம்

ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இந்தக் கலவையைத் தயாரிக்க ஜெர்மானியப் பொறியாளர் வில்ஹெல்ம் மேபாக் 1893இல் தெளிப்பு முறைக் கார்புரேட்டரை அமைத்தார். குறுகிய குழாயில் காற்று விரைந்து செல்லும்போது அதன் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைவே பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. ஆனால் ஐட்லிங்கின்போது காற்று மெதுவாகச் செல்வதால் உறிஞ்சும் வலிமை போதாது. ஆகவே கார்புரேட்டரில் அதற்கெனத் தனிச் சிறு துளையும், அதைத் திருத்த ஒரு திருகும் வைத்தார்கள். அம்பாசிடர், பத்மினி காலத்து மெக்கானிக் காதைத் தீட்டிக்கொண்டு, திருப்புளியால் அந்தத் திருகைக் கால் சுற்று திருப்பி நடுக்கத்தைப் போக்கியது இவ்வாறுதான்.

வானத்தில் வெளிப்பட்ட குறை

1940இல் பிரிட்டன் வானில் நடந்த போரில் கார்புரேட்டரின் பலவீனம் வெளிப்பட்டது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்திப் பாய்ந்தால், அதன் மெர்லின் எந்திரம் ஒரு கணம் திணறியது. மிதவைத் தொட்டியில் பெட்ரோல் மேலெழும்பியதே காரணம். எதிரியின் டெய்ம்லர்-பென்ஸ் எந்திரத்திலோ பெட்ரோல் பம்பு மூலம் பீச்சப்பட்டதால் இத்தொல்லை இல்லை. பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் 1941இல் துளையிட்ட சிறு உலோகத் தடுப்பு ஒன்றைப் பொருத்தி மெர்லினின் குறையைப் பெருமளவு தணித்தார்.

பீச்சும் முறை 1954இல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். காருக்கு வந்தது. அளவைக் கணக்கிடும் வேலையை மின்னணுக் கருவியிடம் ஒப்படைத்து, 1967இல் வோக்ஸ்வாகன் 1600 காரில் பொருத்தியது பாஷ் நிறுவனம். பெட்ரோல் பீச்சான் சில மில்லிசெகண்டுகளே திறக்கும். எவ்வளவு நேரம் திறப்பது என்பதைக் காற்றழுத்தம், வெப்பநிலை முதலியவற்றை உணரும் கருவிகளின் செய்தியைக் கொண்டு மின்னணுப் பெட்டி முடிவு செய்யும். புகைப்போக்கியில் எஞ்சிய ஆக்சிஜனை அளந்து கலவையைத் திருத்தும் உணர்கருவி 1976இல் வால்வோ கார்களில் வந்து சேர்ந்தது.

நம் மாவட்டத்தில்

இந்தியாவில் இம்மாற்றத்தைத் தூண்டியது நகரங்களின் புகை. 1995 ஏப்ரல் முதல் சென்னை உட்பட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிப் பெட்டி கட்டாயமாயிற்று. ஈயம் அப்பெட்டியைக் கெடுக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் வந்தது. அப்பெட்டி சரிவர வேலை செய்யக் கலவையின் அளவு துல்லியமாக இருக்க வேண்டும். கார்புரேட்டரால் அது இயலவில்லை. 1998இல் திருவள்ளூரிலுள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து லான்சர் கார் வெளிவந்தது. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. இரண்டின் பெட்ரோல் எந்திரங்களிலும் பீச்சும் முறைதான். 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தலைநகரப் பகுதிக்கு யூரோ விதிகளை விரைவுபடுத்தியபின், புதிய கார்களில் கார்புரேட்டர் மெல்ல மறைந்தது.

பழைய பழக்கம், புதிய ஆபத்து

வண்டி மாறியபின்னும் கை மாறவில்லை. எந்த உருளை வேலை செய்யவில்லை என்று அறிய, ஓடும் எந்திரத்தில் பிளக் ஒயரைப் பிடுங்கிப் பார்ப்பது பழைய வழக்கம். பீச்சும் வண்டியில் இது தீங்கு. பொறி நின்றாலும் பெட்ரோல் நிற்பதில்லை. எரியாத பெட்ரோல் வினையூக்கிப் பெட்டிக்குள் சென்று எரிந்து, அதை மிகையாகச் சூடாக்கிக் கெடுத்துவிடும். காற்றடைப்பானின் நிறுத்தத் திருகைத் திருப்புவதும் அப்படியே. ஆலையில் பொருத்திய அந்த நிலையை ஆதாரமாகக் கொண்டே மின்னணுப் பெட்டி கணக்கிடுகிறது.

சோதிக்கும் வரிசை

முதலில் காற்று. வெப்பத்தில் வெடித்த ரப்பர்க் குழாய்கள் வழியே அளவுக்குள் வராத காற்று நுழையும். 'உஸ்' என்ற ஒலியைக் கவனியுங்கள். சந்தேகமான இணைப்பில், மின் ஒயர்களில் படாமல், சிறிது தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒலி மாறினால் கசிவு அங்கேதான். சூடான எந்திரத்தின்மேல் பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். காற்றடைப்பானிலும் ஐட்லிங் வால்விலும் படிந்த கரியையும் துடைக்கச் செய்யுங்கள்.

இரண்டாவது, பொறி. பிளக்குகளைக் கழற்றி நிறத்தைப் பாருங்கள். இருட்டில் எந்திரத்தை ஓடவிட்டால், பழுதான ஒயரில் பொறி தாவுவது தெரியும்.

மூன்றாவது, உருளைகள். பீச்சானின் மின் இணைப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். கழற்றிய கணத்தில் வேகம் குறைந்தால் அந்த உருளை உழைக்கிறது. மாற்றமே இல்லையெனில் குற்றவாளி அதுவே. அதன் பொறியும் பீச்சானும் நன்றாக இருந்தால் அழுத்தத்தை அளக்க வேண்டும், வால்வு பழுதாகியிருக்கலாம்.

நான்காவது, உணர்கருவிகள். சூடேறிய எந்திரத்தை 'இன்னும் குளிர்ந்தே இருக்கிறது' என வெப்ப உணர்கருவி தவறாகச் சொன்னால், பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும், பிளக்குகள் கறுக்கும்.

மின்னணுப் பெட்டி கடைசியில்தான். அதில் அசையும் உறுப்புகள் இல்லை; மற்றவற்றைவிட அரிதாகவே கெடுகிறது. முந்தியவை அனைத்தும் சரியென்று தெரிந்தபின் அதன்மேல் ஐயம் கொள்ளலாம்.

மேபாக் காலத்திலும் சரி, இன்றும் சரி, எந்திரம் கேட்பவை காற்று, பெட்ரோல், தக்க நேரத்தில் பொறி, போதிய அழுத்தம் ஆகிய நான்கே. நம் மெக்கானிக்கின் கூர்மையான காதுக்கு இன்றும் வேலை உண்டு. அதனுடன் இந்த வரிசையும் சேர்ந்தால் உங்கள் பணமும் மிஞ்சும். ஊரின் காற்றும் சற்றுத் தூய்மையாகும்.