ஊசல்

நாளிதழில் ‘ஊசலாட்டம்’ என்று ஒரு தலைப்பு வந்தால், எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியாமல் ஒரு கட்சி நிற்கிறது என்று பொருள். உயிர் ஊசலாடுகிறது என்றால் பிழைப்பாரா என்று தெரியவில்லை. மனம் ஊசலாடுகிறது என்றால் முடிவு வரவில்லை. எங்கே பார்த்தாலும் இந்தச் சொல்லுக்கு நிலையின்மை, நம்ப முடியாமை என்பதே பொருள். ஆனால் பள்ளி இயற்பியல் ஆய்வகத்துக்குள் போனதும் அதே சொல் நேரெதிரான வேலை செய்கிறது. 1656 முதல் 1920கள் வரை, ஏறக்குறைய 270 ஆண்டுகள், மனிதர் கையில் இருந்த மிக நம்பகமான நேரங்காட்டி ஊசல்தான். 1921இல் வந்த ஷார்ட் ஊசற்கடிகாரத்தின் பிழை ஆண்டுக்கு ஒரு வினாடி அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஐயத்துக்குப் பெயரான சொல், துல்லியத்துக்கும் பெயரானது எப்படி?

சொல் மிகப் பழையது. சங்க நூல்களில் ஊசல் என்றால் முதலில் ஊஞ்சல். மரக்கிளையில் கயிறு கட்டிப் பெண்கள் ஆடுவது. ஆனால் அதோடு நிற்கவில்லை. பொருநராற்றுப்படை பாடினியை வருணிக்கும்போது, அவள் காதில் குழை அசைவதையும் ஊசல் என்கிறது. இந்த இடம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பலகையும் கயிறும் இல்லை, ஆடுகிறவர் இல்லை. ஒரு புள்ளியில் தொங்கும் சிறிய கனம் முன்னும் பின்னும் போய் வருகிறது, அவ்வளவுதான். தொங்குவதையும் அது ஆடும் ஆட்டத்தையும் ஒரே சொல் சேர்த்துக் குறித்திருக்கிறது. பிற்காலப் பாடநூல் தேடிய பொருள் அந்தக் காதணியிலேயே இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் ஊசல்வரி வருகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் ஊசல். மாணிக்கவாசகருக்குத் திருப்பொன்னூசல். ‘ஊசல்’ என்று தனிச் சிற்றிலக்கிய வகையே உண்டு. திருவரங்கத்துப் பெருமாளுக்குச் சீரங்கநாயகர் ஊசல் பாடப்பட்டது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவூஞ்சற் பாட்டு இன்றும் பாடப்படுகிறது. பேச்சில் இடையே மெல்லினம் நுழைந்து ஊசல் ஊஞ்சலாயிற்று. மலையாளத்தில் ஊஞ்ஞால், தெலுங்கில் உய்யால, கன்னடத்தில் உய்யாலெ. ஊஞ்சல் வீட்டுக்குப் போனது. பழைய வடிவமான ஊசல் பாட்டிலும் உவமையிலும் தங்கிவிட்டது. வகுப்பறைக்குப் பெயர் வேண்டியிருந்தபோது அது கையருகே இருந்தது.

ஊஞ்சலிலிருந்து அறிவியலுக்குப் போனது தமிழ் மட்டுமல்ல. வடமொழியில் ‘தோலா’ என்றால் ஊஞ்சல். அதிலிருந்து வந்த ‘தோலன்’ இந்தியில் அலைவுக்குப் பெயர். பழனி மலைக்கு முதியவர்களைச் சுமந்து போன டோலியும் அந்த வழி வந்ததே. ஐரோப்பியர் எடுத்தது இலத்தீன் ‘ஆஸ்கில்லும்’. மரத்தில் கட்டித் தொங்கவிடும் சிறு முகமூடி அது. திராட்சைத் தோட்டக்காரர்கள் பாக்கஸ் தெய்வத்துக்காக உயர்ந்த பைன் மரத்தில் அதைத் தொங்கவிடுவதை வர்ஜில் தமது வேளாண் காவியத்தில் சொல்கிறார். காற்றில் அது ஆடியதால் ஆடுதலுக்கே அந்தப் பெயர் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த வேரிலிருந்து பிறந்த சொல், கிறிஸ்தியான் ஹைகன்ஸ் 1673இல் வெளியிட்ட ‘ஹொரோலோகியம் ஆஸ்கிலடோரியம்’, அதாவது ஊசற்கடிகாரம், என்ற நூலின் அட்டையிலேயே ஏறியது.

ஹைகன்ஸுக்கு முன்னே கலிலியோ. பீசா தேவாலயத்தில் விளக்கு ஆடியதைத் தம் நாடித்துடிப்பால் அளந்தார் என்ற கதை அவருடைய மாணவர் விவியானி எழுதியது. கையில் கிடைக்கும் உறுதியான சான்று 1602இல் கலிலியோ குய்டோபால்டோ தெல் மோந்தேவுக்கு எழுதிய கடிதம். அகலமாக ஆடினாலும் குறுகலாக ஆடினாலும் ஓர் ஆட்டத்துக்கு ஒரே நேரம்தான் என்று அவர் நம்பினார். குண்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஊசல் ஒரு நிலையில் நிற்பதே இல்லை. திரும்பி வர எவ்வளவு நேரம் என்று கேட்டால் அது மாறுவதே இல்லை. நாளிதழ் முதல் கேள்வியைக் கேட்கிறது, கடிகாரம் செய்கிறவர் இரண்டாவதைக் கேட்கிறார்.

கலிலியோ நினைத்தது முழு உண்மை இல்லை. ஐந்து, பத்து பாகைக்குள் அது ஏறக்குறையச் சரி. அறுபது பாகைக்கு இழுத்து விட்டால் ஓர் அலைவுக்கு ஏழு விழுக்காடு கூடுதல் நேரமாகும். ஹைகன்ஸ் இதை ஆராய்ந்து, குண்டு வட்ட வில்லில் போகாமல் சைக்ளாய்டு என்ற வளைவில் போனால்தான் நேரம் துளியும் மாறாது என்று நிறுவினார். காரணம் இதுதான்: நடுநிலைக்கு இழுக்கும் விசை, நடுவிலிருந்து விலகிய தூரத்துக்கு நேர்விகிதத்தில் வளர வேண்டும். இரண்டு மடங்கு விலகினால் இரண்டு மடங்கு இழுப்பு. அப்போது தொலைவில் விட்ட குண்டு அதே அளவில் வேகமெடுத்து அதே நேரத்தில் திரும்பிவிடும். சிறிய கோணத்தில் ஊசல் இந்த விதியை மதிக்கிறது, பெரிய கோணத்தில் இழுப்பு அந்த அளவுக்கு வளர்வதில்லை. சிறிய கோணத்தில் அலைவு நேரத்தைத் தீர்மானிப்பவை நீளமும் புவியீர்ப்பும் மட்டுமே. குண்டின் கனத்துக்கு அதில் பங்கு இல்லை. நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு.

பாடநூல் சொல்லும் தனி ஊசல் ஒரு கற்பனைப் பொருள்: எடையில்லாத நூல், புள்ளியளவே உள்ள குண்டு. கடையில் அது கிடைக்காது. ஆனால் அதற்கு மிக நெருங்கிய ஒன்று தமிழ்நாட்டுப் பழைய வீடுகளின் கூடத்தில் தொங்குகிறது. நான்கு மூலையிலும் செங்குத்தாகச் சங்கிலி இறங்கும் பலகை ஊஞ்சலைக் கவனியுங்கள். ஆடும்போது பலகை சாய்வதில்லை. மட்டமாகவே போய் மட்டமாகவே வருகிறது. பலகையின் ஒவ்வொரு புள்ளியும் சங்கிலியின் நீளத்தை ஆரமாகக் கொண்ட ஒரே மாதிரி வில்லை வரைகிறது. எதுவும் சுழலவில்லை என்பதால் பலகையும் அதில் இருப்பவரும் ஒரே புள்ளி போலக் கணக்கில் வருகிறார்கள். தாத்தா நீட்டிப் படுத்திருந்தாலும் பேத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாலும் நேரம் ஒன்றே. பத்தடிச் சங்கிலிக்கு மூன்றரை வினாடி. மரக்கிளைக் கயிற்று ஊஞ்சல் அப்படியில்லை. அங்கே உடம்பும் சேர்ந்து சாய்கிறது. அது, கனம் பரவிய பொருள் சுழன்று ஆடும் கூட்டு ஊசலின் பக்கம் போய்விடுகிறது.

புவியீர்ப்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதையும் ஊசல்தான் காட்டிக்கொடுத்தது. 1672இல் ழான் ரிஷே பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தைக் குறைத்தபின்தான் சரியாயிற்று. நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. ஹென்றி கேட்டர் என்ற படை அதிகாரி சென்னை மாகாணத்துக்கு வந்து லாம்டன் என்பவர் நடத்திய நில அளவைப் பணியில் உழைத்தவர். இங்கிலாந்து திரும்பியபின், இரு முனையிலும் மாற்றித் தொங்கவிடக்கூடிய ஊசல் ஒன்றை அமைத்து, 1818இல் லண்டனில் வினாடி ஊசலின் நீளத்தை அதுவரை இல்லாத துல்லியத்தில் வெளியிட்டார். கேட்டர் வகை ஊசலைக் கொண்டு 1821இல் சென்னை வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் அதே அளவீட்டைச் செய்தார். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக ஒரு வினாடி எடுக்கும் ஊசலுக்கு லண்டனில் ஏறக்குறைய 994 மில்லிமீட்டர் நீளம் வேண்டும். சென்னையில் 991 போதும். மூன்று மில்லிமீட்டர்தான் வேறுபாடு. ஆனால் லண்டனில் சரியாக ஓடிய கடிகாரத்தை அப்படியே இங்கே மாட்டினால், வெப்பத்தில் கம்பி நீள்வதைச் சேர்க்காமலே, நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். இத்தகைய அளவீட்டில் உயிர் கொடுத்தவரும் உண்டு: 1871இல் கேப்டன் பசேவி என்ற படை அதிகாரி லடாக்கின் உயர்ந்த வெளியில் ஊசல் அளவீடு செய்யும்போதே உயிரிழந்தார்.

இனி, ஊசலைச் சுற்றி வளர்ந்த கலைச்சொற்கள். தமிழ்நாடும் இலங்கையும் இவற்றைத் தனித்தனியாக உருவாக்கின. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பது பெரிய இன்பம். இங்கே தனி ஊசல், அங்கே எளிய ஊசல். ‘தனி’ என்றால் தனியாக ஆடுவது என்று சில மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். தனிவட்டி, கூட்டுவட்டி என்ற கடைத்தெரு இணையை நினைத்தால் குழப்பம் தீரும். தனி ஊசலுக்கு எதிரே கூட்டு ஊசல் நிற்கிறது. இங்கே வீச்சு, அங்கே வீச்சம். இங்கே அதிர்வெண், அங்கே மீடிறன், அதாவது மீள்+திறன், திரும்பத் திரும்ப வரும் ஆற்றல். எண்ணுவதைச் சொல்வதால் அதிர்வெண் தெளிவானது. மெதுவாக ஆடும் ஊஞ்சலுக்கு ‘அதிர்வு’ பொருந்தவில்லை என்பதால் மீடிறனையும் விட மனமில்லை.

இங்கே தனிச்சீரிசை இயக்கம், அங்கே எளிமை இசை இயக்கம். ஊசலில் இசை எங்கிருந்து வந்தது? மீட்டிய கம்பியின் சுரமும் ஊசலின் ஆட்டமும் ஒரே கணிதம் என்பதிலிருந்து வந்தது. கம்பிகளின் சுருதி விதிகளை 1636இல் எழுதிய மெர்சென், வினாடி ஊசலையும் அளந்தவர். 1867இல் தாம்சனும் டேட்டும் தங்கள் நூலில் இந்த இயக்கத்தை வரையறுத்தபோது சொன்ன வழி எளியது: சீரான வேகத்தில் வட்டமிடும் புள்ளியைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது ஒரு கோட்டில் போய்வருவதாகத் தெரியும், அதுவே இந்த இயக்கம். தமிழில் இசைதல் என்றால் பொருந்துதல். கிரேக்க ‘ஹார்மோனியா’வுக்கும் பொருந்துதலே முதற்பொருள்.

ஒரு சொல்லில் மட்டும் எனக்கு வழக்கு இருக்கிறது. வெளியிலிருந்து கொடுக்கும் விசையால் நடக்கும் அலைவைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘திணிக்கப்பட்ட அலைவு’ என்கிறது. பொருளின் இயல்பான அதிர்வெண்ணை மதிக்காமல் வெளிவிசை தன் அதிர்வெண்ணில் ஆட்டும்போது இது சரியான பெயர். இரண்டு அதிர்வெண்களும் ஒன்றும்போது வீச்சு பெரிதாகிறது. அதற்கு இங்கே ஒத்ததிர்வு. இலங்கையில் அழகாகப் பரிவு. ஆனால் ஊசல் ஓய்ந்துவிடாமல், அது தன் போக்கிலேயே ஆட, இழந்த ஆற்றலை மட்டும் அவ்வப்போது கொடுப்பது வேறு செயல். அதற்கு ‘நிலைநிறுத்தப்பட்ட அலைவு’ என்று நீளமாக எழுதுகிறோம். இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு. கலித்தொகையின் முப்பத்தேழாம் பாட்டில், ஊசலில் இருக்கும் பெண் வந்து நிற்கும் இளைஞனிடம் சற்று ஆட்டிவிடச் சொல்கிறாள். அங்கே வரும் வினை ‘ஊக்கு’. ஊக்கமும் ஊக்குவிப்பும் இன்று மனத்துக்குரிய சொற்களாகிவிட்டன. அன்று அது ஊசலைத் தள்ளிவிடும் கையின் வேலையையும் குறித்தது. தள்ளுகிறவன் ஊசல் பின்னுக்கு வந்து திரும்பும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் ஆட்டம் கெடும்.

சுவர்க் கடிகாரத்தில் அந்தக் கையின் வேலையைச் செய்வது ஒரு பல்சக்கரம். ஊசலோடு சேர்ந்து அசையும் கொக்கியின் இரு நுனிகளும் மாறி மாறிச் சக்கரத்தின் பல்லைப் பிடித்து விடுகின்றன. விடுபடும்போது பல் கொக்கியைச் சற்றே தள்ளிவிட்டு நகர்கிறது. அந்தத் தள்ளல் ஊசலுக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்த பல் வந்து கொக்கியில் விழும் ஓசையே நம் காதுக்கு வரும் டிக். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை தொங்கும் எடையோ முறுக்கிய சுருள்வில்லோ பார்த்துக்கொள்கிறது. எப்போது தள்ள வேண்டும் என்பதை ஊசலே சொல்கிறது. இதில் திணிப்பு எதுவும் இல்லை. இதை ‘ஊக்கிய அலைவு’ என்று பாடநூலில் எழுதலாம்.