கிருஷ்ணையின் இரு கரைகளும் மின்சாரப் பங்கீடும்

ஆற்று நீருக்காக நாடுகள் பூசலிட்ட வரலாற்றை நாம் நன்கறிவோம். காவிரியின் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆனால், அதே ஆற்று நீர் சுழலியைச் சுழற்றி மின்சாரமாக மாறிய பின்னரும் பூசல் தீர்வதில்லை என்பதை, பிழைப்பு நாடி இந்த ஐதராபாத்துக்கும் செகந்தராபாத்துக்கும் வந்து குடியேறிய பிறகே நாம் கண்கூடாகக் கண்டோம். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம்மவர் பழமொழி. ஒரே மொழி பேசும் இரு நிலப்பகுதிகள் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள முயன்ற வரலாறு அப்பழமொழிக்கு விரிவுரையாகவே அமைந்துள்ளது.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

நியூசிலாந்து நாடு வடதீவு, தென்தீவு என இரு பெருந் தீவுகளால் ஆனது. மலையும் ஏரியும் அவற்றால் வரும் நீர்மின்சாரமும் தென்தீவில் மிகுதி. மக்களும் தொழில்களும் வடதீவில் மிகுதி. 1965-ஆம் ஆண்டில் தென்தீவின் பென்மோர் அணையிலிருந்து குக் நீரிணையின் அடியில் வடங்களைப் பதித்து, 600 மெகாவாட் மின்சாரத்தை வடக்கே கொண்டுசென்றனர். 'எங்கள் ஆறு, எங்கள் ஏரி; வெளிச்சம் மட்டும் அவர்களுக்கா?' என்ற மனக்குறை தென்தீவில் எழுந்தது. ஆயினும், மழை பொய்த்து ஏரிகள் வற்றிய ஆண்டுகளில் அதே வடங்களின் வழியே வடதீவின் மின்சாரம் தெற்கே பாய்ந்து வந்தது. கொடுத்தவன் வாங்குபவனாவதும், வாங்கியவன் கொடுப்பவனாவதும் இயற்கையின் நியதி என்பதை அத்தீவு மக்கள் உணர்ந்தனர்.

நிலத்தின் மீது இரு தீவுகள்

நமக்கு வாய்த்த இரு தீவுகளைக் கடல் பிரிக்கவில்லை. நிலத்தின் ஏற்றத்தாழ்வே பிரித்தது. கடலோர ஆந்திரம் தாழ்ந்த சமவெளி. சர் ஆர்தர் காட்டன் 1852-இல் தவளேசுவரத்தில் கட்டி முடித்த கோதாவரி அணைக்கட்டும், அதன்பின் விஜயவாடாவில் எழுந்த கிருஷ்ணா அணைக்கட்டும் அங்கே வாய்க்கால் பாசனத்தைப் பெருக்கின. அந்நீர் தானாகவே வயலுக்குப் பாய்ந்துவிடும். தெலங்கானாவோ தக்காணப் பீடபூமியில் உயர்ந்து நிற்பது. கிருஷ்ணையும் கோதாவரியும் அதன் ஓரமாகத் தாழ்ந்து ஓடுகின்றன. காகதீயர் காலந்தொட்டு வெட்டிய ஏரிகளே அந்நிலத்தைக் காத்து வந்தன. அவை தூர்ந்த பின்னர் உழவர் கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பினர். அங்கே நீரை மேலேற்ற மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். கடலோரத்து உழவனுக்கு மின்வெட்டு ஓர் இடைஞ்சல். தெலங்கானா உழவனுக்கோ அது பயிரின் சாவு. பூசலின் ஆணிவேர் இதுவே.

மாச்குண்டு காட்டிய வழி

மின்சாரத்தைப் பங்கிடும் வழக்கம் இப்பகுதிக்குப் புதியதன்று. ஒரிசா எல்லையிலுள்ள மாச்குண்டு ஆற்றின் மின்சாரத்தை எழுபதுக்கு முப்பது என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்ள, அன்றைய சென்னை அரசும் ஒரிசா அரசும் 1946-இல் உடன்பட்டன. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சென்னையின் பங்கு அதற்குச் சென்றது. 1955-இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆறு தங்கள் பக்கத்தில் இருக்கத் தங்களுக்கு முப்பது மட்டுமா என்ற குறை ஒரிசாவில் எழவே செய்தது. எனினும் எழுத்தில் அமைந்த உடன்பாடும் ஒழுங்கான கணக்கும் இருந்தமையால், குறை பேச்சுவார்த்தையாயிற்றே அன்றிப் பகையாகவில்லை.

ஒரே கூரையின் கீழ்

1956 நவம்பர் முதல் நாள் தெலங்கானாவும் ஆந்திரமும் ஒரே மாநிலமாயின. 1959-இல் மாநில மின்வாரியம் அமைந்தது. நாகார்ஜுனசாகரும் ஸ்ரீசைலமும் கிருஷ்ணையின் குறுக்கே எழுந்தன. ஸ்ரீசைலத்தின் வலக்கரையில் 770 மெகாவாட் நிலையமும், பின்னர் இடக்கரையில் நிலத்தடியே 900 மெகாவாட் நிலையமும் அமைந்தன. இரு கரையும் ஒரே மாநிலத்தின் கையில் இருந்தவரை எந்தக் கரையின் பொறி சுழல்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

குறை உள்ளூரப் புகைந்துகொண்டுதான் இருந்தது. 2000-ஆம் ஆண்டில் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருங் கிளர்ச்சி மூண்டது. ஆகஸ்டு 28 அன்று நம் நகரின் பஷீர்பாகில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் பலியாயின. அக்கட்டண உயர்வு தெலங்கானா உழவரை வாட்டும் என்று குரல் கொடுத்த கே. சந்திரசேகர ராவ், 2001 ஏப்ரல் 27 அன்று தனிக்கட்சி தொடங்கினார். தனி மாநிலக் கோரிக்கை மீண்டும் உயிர்பெற்றதில் மின்சாரத்துக்கும் பங்குண்டு என்பதை வரலாறு மறக்கலாகாது.

பாகப்பிரிவினை

2014 ஜூன் 2 அன்று தெலங்கானா தனி மாநிலமாயிற்று. சொத்துகளும் கடன்களும் பெரும்பாலும் மக்கள்தொகை விகிதப்படி ஆந்திரத்துக்கு 58.32, தெலங்கானாவுக்கு 41.68 விழுக்காடு எனப் பிரிக்கப்பட்டன. மின்சாரத்தை அவ்வாறு பிரித்தால் மோட்டார்களை நம்பிய தெலங்கானா உழவரும் ஐதராபாத்தின் ஆலைகளும் என்னாவது? எனவே, முந்தைய ஆண்டுகளின் மெய்யான நுகர்வை அளவுகோலாகக் கொண்டு, தெலங்கானாவுக்கு 53.89 விழுக்காடும் ஆந்திரத்துக்கு 46.11 விழுக்காடும் என 2014 மே மாதத்து அரசாணை வகுத்தது. இருக்கும் இடத்தைப் பாராமல் தேவையைப் பார்த்துப் பங்கிட்ட நெறி அது.

ஆனால், ஆணையின் மை உலருமுன்னே வழக்குகள் எழுந்தன. போலவரம் திட்டத்துக்காகக் கம்மம் மாவட்டத்தின் மண்டலங்கள் ஆந்திரத்துடன் சேர்க்கப்பட்டபோது, 460 மெகாவாட் கீழ்ச் சீலேரு நிலையமும் உடன் சென்றது. மின்கொள்முதல் ஒப்பந்தங்கள் செல்லா என்று ஆந்திரம் கூறிற்று. செல்லும் என்று தெலங்கானா வாதிட்டது. நிலுவைத் தொகை பற்றிய தகராறில் 2017 ஜூன் மாதம் மின்பரிமாற்றமே நின்றது. தெலங்கானா வட்டியும் முதலுமாக 6,756 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமென 2022-இல் மத்திய அரசு ஆணையிட்டது. மறு ஆண்டே தெலங்கானா உயர்நீதிமன்றம் அவ்வாணையை ரத்துச் செய்தது.

ஸ்ரீசைலமும் சென்னையும்

எல்லாவற்றினும் கடுமையானது ஸ்ரீசைலம் பூசல். அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 885 அடி. இராயலசீமைக்கு நீர் தரும் போத்திரெட்டிப்பாடு மதகு தாராளமாக நீர் எடுக்க 854 அடியேனும் தேவை என்பது ஆந்திரத்தின் வாதம். இடக்கரை நிலையம் சுழன்றால் மட்டம் இறங்கும். சுழலாவிட்டால் தெலங்கானாவின் பயிர் வாடும். 2014 அக்டோபரில் கிருஷ்ணா ஆற்று மேலாண்மை வாரியம் இடக்கரைக்கு மூன்று டி.எம்.சி. என வரம்பு கட்டியது. 2021-இல் தெலங்கானா முழு அளவில் மின்னுற்பத்தியில் இறங்க, இரு மாநிலக் காவலரும் அணைகளில் எதிரெதிரே நின்றனர். 2023 நவம்பர் 30 அன்று ஆந்திரக் காவலர் நாகார்ஜுனசாகரின் 26 மதகுகளில் 13 இருக்கும் பாதியைத் தம் வசமாக்கினர். அதன்பின் மத்தியக் காவற்படை வந்து அமர்ந்தது.

இது தெலுங்கர் வீட்டுச் சண்டை, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியுமா? சென்னைக்குக் குடிநீர் தர, மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் தலைக்கு ஐந்து டி.எம்.சி. கிருஷ்ணை நீரை விட்டுக்கொடுக்க 1976-இல் இசைந்தன. 1983-இல் தெலுங்கு கங்கை உடன்பாடு உருவாகி, 1996-இல் அந்நீர் பூண்டியை அடைந்தது. அந்நீர் புறப்படும் வாயில் இதே போத்திரெட்டிப்பாடுதான்! ஸ்ரீசைலத்துப் பொறி சுழன்றால் இங்கே நம் வீட்டு விளக்கு எரிகிறது. நீர்மட்டம் குறைந்தாலோ அங்கே சென்னையிலுள்ள நம் உடன்பிறந்தார் குடம் ஏந்திக் காத்திருக்க நேர்கிறது. நாம் ஒரு கையால் வாங்குவதும் மறு கையால் இழப்பதும் ஒரே ஆற்றின் நீரே.

2020 ஆகஸ்டு 20 இரவு, அந்த இடக்கரை நிலத்தடி நிலையத்தில் தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். பிறர் வீட்டுக்கு ஒளி தந்தவர்கள் புகையிருளில் மறைந்தனர். அவர்களை எண்ணும்போது, 'எம் பங்கு, உம் பங்கு' என்ற சொற்கள் நாணி நிற்கின்றன.

முடிவுரை

வரலாறு சில வேளைகளில் நகைத்துக்கொள்வதுண்டு. மின்பொறியாளர் நோக்கில், தென்னாடு முழுவதும் நெடுங்காலம் ஒரு தீவாகவே இருந்தது. வடநாட்டு மின்தொகுப்புடன் சில இணைப்புகளே அதற்கு இருந்தன. அதனால் நம் தமிழகமும் 2012-இல் மின்வெட்டால் வாடியபோது வடக்கிலிருந்து போதிய மின்சாரம் பெற இயலவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடம் இணைக்கப்பட்டு, இந்தியா முழுவதும் ஒரே மின்தொகுப்பாயிற்று. இரண்டே திங்களுக்குள், 2014 பிப்ரவரியில், ஆந்திரத்தைப் பிரிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கம்பிகள் ஒன்றிய அதே வேளையில் மனங்கள் பிரிந்தன.

பிரிவது குற்றமன்று, பாகம் பிரித்த அண்ணன் தம்பியர் ஒரே கிணற்றில் முறை வைத்து இறைத்து வாழ்ந்த ஊர்களிலிருந்தே நாம் வந்தோம். அங்கே முறை தவறாமல் காத்தது அன்பு மட்டுமன்று. இன்ன நாள் இன்னார்க்கு என்று ஊரார் முன்னிலையில் பேசி முடித்த கணக்குமாகும். மாச்குண்டு வழக்கில் நின்றதும் அதுவே, ஸ்ரீசைலத்தில் தடுமாறியதும் அதுவே. இரு கரையாருடனும் அண்டை வீட்டாராய் வாழும் பேறு பெற்ற நாம், எவர் பக்கமும் சாயாமல், அந்தக் கணக்கு நேராக வேண்டுமென்று விரும்புவோமாக. அது நேரானால் இங்கே விளக்கும் எரியும். அங்கே குடமும் நிறையும்.