உறுதி எங்கை?

விட்பியில் வீடு வாங்கும் எங்கட ஆக்கள் வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது, "உறுதி எங்கை?" என்றுதான். ஒன்ராறியோவில் 1885 இல் தொடங்கிய முறைப்படி உரிமை அரசாங்கப் பதிவேட்டிலேயே இருக்கிறது. பூட்டி வைக்க ஒன்றும் தரமாட்டார்கள்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு காலம் உறுதியை விட ஊரறிவதுதான் முக்கியம். உரிமைக்காரர், பங்காளி, காணியை ஈடு பிடித்த அயலவர் ஆகியோருக்குச் சொல்லாமல் விற்கக் கூடாது. ஒல்லாந்தத் தளபதி புளோம் காலத்தில், 1690களில், அது மூன்று ஞாயிறு தேவாலயத்தில் அறிவிப்பதாக மாறியது. சைவக்காரரின்ர காணிக்கும் அங்கேதான் அறிவித்தல்! 1707 இல் கிளாஸ் ஐசாக்ஸ் வழமைகளை எழுத, 12 முதலியார்கள் பார்த்துச் சரியென்றார்கள். அதுதான் தேசவழமை. 1806 இல் ஆங்கிலேயர் அதைச் சட்டமாக ஏற்றனர்.

வாய்ப்பேச்சை நிறுத்தியது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி கைமாறாது. 1947 இல் முதலில் வாங்கும் உரிமை கூட்டுச் சொந்தக்காரருக்கும் உரிமைக்காரருக்கும் மட்டும் என்றாகி, அயலவர் விடுபட்டனர். மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் கேட்டது 1911 இன் சட்டம். அது பெண்களுக்குச் செய்த அநியாயம் என்பேன்.

எங்களைச் சுட்டது 1871 இன் காலாவதிச் சட்டம். பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் சொந்தக்காரன் போல இருந்தவன் காணிக்கு உரிமை கேட்கலாம். நாங்கள் ஓடி வந்த வருடங்களும் அந்தக் கணக்கில் போயின. போர்க்காலத்தைக் கழிக்க 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது, அதற்கும் காலக்கெடு வைத்தது. எத்தனை பேர் அறிந்தார்கள்? ரங்குப்பெட்டியில் கிடக்கும் பல உறுதிகளில் இன்னும் பேரன்மார் பிறக்காத காலத்துப் பெயர்கள்தான்.