மீற்றரில் ஏறாத மைல்கள்

பழைய கார் வாங்கப் புறப்படும் எவரும் இரண்டு கேள்விகளோடுதான் புறப்படுகிறார்கள். எந்த ஆண்டு வண்டி? எவ்வளவு ஓடியது? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இலங்கையில் பழைய வண்டிகள் வாங்கிய விலையையும் தாண்டி விற்கப்பட்டதை வாசகர்கள் அறிவார்கள். அண்மையில் ரொறன்ரோவிலிருந்து வந்து, ஊரில் ஓட ஒரு கார் தேடிய என் மருமகன், "மாமா, வருசத்துக்குப் பதினையாயிரம் கிலோமீற்றர் எண்டு பெருக்கிப் பாத்தாச் சரிதானே?" என்று கேட்டார். சரியென்று சொல்ல என்னால் இயலவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தப் பெருக்கற் கணக்கு பிழைத்ததை நேரில் கண்டவன் நான்.

காரின் வயதை எங்கள் ஊரார் இலக்கத்தகட்டில் படித்தார்கள். சிலோன் என்னும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து ஈஎல், ஈஎன், ஈவை என்று வழங்கப்பட்டவை பழையவை. 1957இன் தொடக்கத்தில் அவற்றின் இடத்தில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சியினர் அதற்குப் பதிலாகத் தமிழ் ஸ்ரீயைப் பொறித்து எதிர்ப்புத் தெரிவித்தனர். 1958 மார்ச்சில் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் புதிய பஸ்கள் சிங்கள ஸ்ரீயோடு வடக்கிற்கு அனுப்பப்பட்டபோது, அந்த எழுத்தின்மீது தார் பூசப்பட்டது. அதற்குப் பின் நடந்தவை தனிக் கட்டுரைக்கு உரியவை. "அது ஸ்ரீக்கு முந்தின கார்" என்று ஒருவர் சொன்னால், அதில் காரின் வயது மட்டும் இருக்கவில்லை என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி அடைபட்டது. அதனால் 1950களில் வந்திறங்கிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற ஆங்கிலேயக் கார்களே குடாநாட்டு வீதிகளில் பல்லாண்டுகள் உழைத்தன. கல்யாண ஊர்வலமும் ஆஸ்பத்திரிப் பயணமும் அவற்றில்தான். அவற்றின் மீற்றர்கள் ஐந்து இலக்கம் மட்டுமே காட்டுபவை. 99,999 மைல் ஓடியதும் மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும். முப்பதாயிரம் என்று காட்டுவது முப்பதாயிரமா, ஒரு இலட்சத்து முப்பதாயிரமா என்பது வைத்திருந்தவருக்கே வெளிச்சம். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பானியக் கார்கள் வந்து சேர்ந்தன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பொருளாதாரத் தடையில் பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்கு வருவது நின்றது. மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்தது மண்ணெண்ணெய். அதைக் கொண்டே கார் ஓடியது. சிறு போத்தலில் பொத்திவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை முடுக்குவார்கள். அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ஏ40இன் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்பதால் அது இந்த மட்டமான எரிபொருளைப் பொறுத்துக்கொண்டது. கூடிய அமுக்கமுள்ள பிற்கால இயந்திரங்கள் உள்ளே தட்டத் தொடங்கின. எங்கள் தெருவில் 1980களின் ஜப்பானியக் கார் கொட்டிலில் நின்றது, 1953இன் ஏ40 ஓடியது. வயதுக் கணக்கு தலைகீழான காலம் அது.

ஆனால் அந்த ஓட்டத்துக்கு விலை இருந்தது. முழுதும் ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். ஒயில் தண்ணீராகும், பிஸ்ரன் வளையங்கள் தேயும். இப்படி ஓடிய ஒரு மைல், நல்ல பெற்றோலில் ஓடிய பல மைல்களுக்குச் சமம்.

2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறந்ததும், தென்னிலங்கையிலிருந்து பழைய கார்களைத் தேடி ஆட்கள் வந்தார்கள். நான் சொன்ன ஏ40, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவருடையது. ஒரு டொக்டரிடமிருந்து 1968இல் வாங்கியிருந்தார். மகளின் பயணத்துக்காக அதை விற்க வேண்டியிருந்தது. வாங்க வந்தவர் கொழும்பைச் சேர்ந்த சிங்களக் கனவான். கூடவே ஒரு மெக்கானிக். மொழிபெயர்ப்பாளனாக என்னை அழைத்தார்கள்.

மீற்றர் 41,000 சொச்சம் காட்டியது. மெக்கானிக் அதைப் பார்த்ததோடு சரி. இயந்திரத்தை ஓடவிட்டு, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். உள்ளிருந்து புகை குபுகுபுவென்று வந்தது. பிரேக் மிதியின் றப்பரைத் தடவினார். சாரதியின் கதவைத் திறந்து, பிணைச்சலில் எவ்வளவு தொங்குகிறதென்று தூக்கிப் பார்த்தார். பின் என்னிடம் திரும்பி, மீற்றரைத் திருப்பி வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள் என்றார்.

நான் தயங்கினேன். ஊர் முழுவதும் மாஸ்டர் என்று மதித்த மனிதரிடம் அதைக் கேட்பது எப்படி? கூறாமல் விட்டால் அது என் தொழிலுக்கு அழகல்ல. மண்ணெண்ணெய்க் கதையைச் சொன்னால் விலை இறங்கும். என் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார்.

"திருப்பேல்லை, தம்பி. 84இலை கேபிள் அறுந்தது. அதோடை நிண்டிட்டுது. உள்ளதைச் சொல்லுங்கோ" என்றவர், உள்ளே போய் ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார்.

கணித ஆசிரியரல்லவா? 1984 முதல் ஊற்றிய எரிபொருளையும் போய்வந்த தூரத்தையும் திகதியிட்டு எழுதி வைத்திருந்தார். 1990க்குப் பின் பெற்றோல் நிரல் ஏறத்தாழ வெறுமை, மண்ணெண்ணெய் நிரல் போத்தல் கணக்கில் நிரம்பியிருந்தது. தூரத்துக்கு எதிரே பெரும்பாலும் ஒரே சொல்: ஆஸ்பத்திரி. சில இடங்களில் இரவு நேரமும் குறிக்கப்பட்டிருந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில், வலிகாமமே தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்த இடப்பெயர்வோடு கணக்கு நின்று, அடுத்த ஆண்டு திரும்பிவந்து, "நாலு ரயரும் இல்லை" என்ற ஒரு வரியோடு தொடங்கியது.

கனவானுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. இலக்கங்களையும் திகதிகளையும் நெடுநேரம் பார்த்தார். இயந்திரத்துக்கென்று ஒரு தொகையைக் கழிக்க மாஸ்டரே முன்வந்தார். உடலில் துரு குறைவு என்று மெக்கானிக் சொன்னதும் பேரம் முடிந்தது. கொப்பியையும் காரோடு தர முடியுமா என்று கனவான் கேட்டார். மாஸ்டர் மறுத்துவிட்டார்.

சில மாதங்களின் பின் அவர் எனக்குக் கடிதம் எழுதினார். சிலிண்டரைக் குடைந்து பெரிய பிஸ்ரன் போட வேண்டியிருந்ததாம். மீற்றருக்கும் புதிய கேபிள் போட்டிருக்கிறார். அது 41,000இலிருந்து மேலே எண்ணிக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார்.