வீடு இரண்டு, விறாந்தை ஒன்று

கிளிநொச்சியில் இருக்கும் என் மருமகன்மார் இருவருக்கும் கணினி ஒன்றுதான். மூத்தவனுக்கு டிரிஃப்ட் பைத்தியம்: காரைச் சறுக்கவிட்டே வளைவைக் கடக்க வேண்டும். இளையவன் ஜிடி3 கார்களில், சிநேகிதப் பெடியளோடு இணையத்தில் போட்டி ஓடுகிறவன். இரண்டும் நடப்பது 2014 டிசம்பரில் இத்தாலியின் குனோஸ் சிமுலாசியோனி வெளியிட்ட அசெட்டோ கோர்சாவில். பத்து வருசம் கடந்தும் அந்தக் கேம் ஓடிக்கொண்டிருப்பது மொட்களின், அதாவது மற்றவர்கள் செய்து அதில் சேர்க்கும் கார், ட்ராக் போன்றவற்றின், புண்ணியம். அது படுத்துக்கொள்வதும் அவற்றால்தான். இவர்களுக்காக ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். "விளங்கேல்லை மாமா" என்றார்கள். ஆகவே உரை. மூலமும் உரையும் ஒரே ஆளுடையவை என்பதால் பாடபேதச் சண்டை கிடையாது.

மூலம்:

சுத்தமானதைத் தொடாதே.
எங்கே கைவைக்கிறது என்று பார்த்து உள்ளே விடு.
ஒரே பெயரில் இரண்டு வந்தால் பழையதை வெளியே எடு.
வீடு இரண்டு, விறாந்தை ஒன்று.
பிந்திப் போட்டதை முந்திக் கழற்று.
போட்டிக்குப் போகிறவன் கையை விரித்துக் காட்டு.

"சுத்தமானதைத் தொடாதே." சுத்தமானது என்றது, ஸ்டீமில் இறக்கியபடியே, ஒரு மொட்டும் ஏறாமல் கிடக்கும் கேம் போல்டரை. அதை முழுதாகக் கொப்பி எடுத்து வேறொரு டிஸ்கில் வைத்துவிட வேண்டும். 'பழுதானால் ஸ்டீமே சரிபார்த்துத் திருத்தும்தானே' என்பாருக்கு விடை: திருத்தும், ஆனால் அரைவாசி. ஸ்டீம் தன் பட்டியலில் உள்ள ஃபைல்களைத்தான் பார்க்கும். அவை மாறியிருந்தாலோ காணாமல் போயிருந்தாலோ திரும்ப இறக்கும். மொட் புதிதாகக் கொண்டுவந்து வைத்தவை அந்தப் பட்டியலில் இல்லை, ஆகவே இருந்த இடத்திலேயே இருக்கும். கேமின் வெளிச்சம், மழை முதலியவற்றைக் கவனிக்கும் கஸ்டம் ஷேடர்ஸ் பாட்ச் என்ற மொட் நல்ல உதாரணம். அது கேமின் தலைப் போல்டரில் டி-ரைட் என்ற டிஎல்எல் ஃபைலை வைக்கிறது. விண்டோஸிலும் அதே பெயரில் ஒன்று உண்டு. ஆனால் விண்டோஸ் முதலில் தேடுவது கேம் இருக்கும் போல்டரில். அதனால் பாட்சின் ஃபைல் முந்திக்கொண்டு கேமுக்குள் நுழைகிறது. ஸ்டீமில் எத்தனை தரம் சரிபார்த்தாலும் அது அசையாது. வெளிச்சம் கறுத்துப்போன ட்ராக் கறுத்தபடியே கிடக்கும்.

திரும்ப இறக்குவதன் செலவு வன்னியில் வேறு. பகல் டேட்டாவைத் தொட மனம் வராது, இரவு டேட்டாவுக்காக நடுச்சாமம் வரை காத்திருக்க வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்ததை இவர்கள் மறக்கவில்லை. டிஸ்கில் ஒரு கொப்பி கிடந்தால் இந்தக் கரைச்சல் ஒன்றும் இல்லை.

"எங்கே கைவைக்கிறது என்று பார்த்து உள்ளே விடு." ஆறு வரியில் உயிர் வரி இதுதான். மொட்கள் ஒன்றோடொன்று சண்டை பிடிப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் சண்டை ஒரு ஃபைலுக்காக. இரண்டு மொட்கள் ஒரே இடத்தில் ஒரே ஃபைலை எழுதாதவரை அவை ஒன்றையொன்று அறியவே மாட்டா. ஆகவே மொட் வந்த ஸிப் ஃபைலைத் திறந்ததும் படத்தையும் புகழ்ச்சியையும் பார்க்காமல், உள்ளே இருக்கும் போல்டர் வரிசையைப் பார்க்க வேண்டும். கன்டென்ட், கார்ஸ், அதற்குள் புதுப் பெயரில் ஒரு போல்டர் என்றால் பயமில்லை, புதுக் கார் தனியே வந்து தனியே நிற்கும். ஏற்கெனவே உள்ள காரின் போல்டருக்குள் நுழைந்தால் கவனம். சத்தத்தை மாற்றும் மொட் எஸ்எஃப்எக்ஸ் போல்டரில் உள்ள பேங்க் ஃபைலைத் தொடும். ஓட்டத்தை மாற்றும் மொட் டேட்டா.ஏசிடி ஃபைலைத் தொடும். மூத்தவன் ஒரு காரின் டேட்டாவையும் வேறொரு மொட்டால் அதே காரின் சத்தத்தையும் மாற்றினான். ஒரு பிரச்சினையும் வரவில்லை, காரணம் இப்போது விளங்கும்.

பொல்லாதவை மூன்றாவது வகை. சில கார் மொட்கள் சாரதியின் உருவம், எழுத்துரு என்று பொதுப் போல்டர்களில் போடும் சாமான்களையும், சில வேளை பாட்சின் எக்ஸ்டென்ஷன் போல்டரையும்கூடச் சுமந்து வரும். செய்தவர் தன் கணினியில் ஓடியதை அப்படியே மூட்டை கட்டியிருப்பார். அதை இழுத்துப் போட்டால், உன்னிடம் உள்ள புதிய பாட்சின் மேல் அவருடைய பழைய துண்டுகள் ஏறும். சத்தம் போடாமல் கெடுப்பது இதுதான். கார் ஓடும், மழைதான் பெய்யாது.

"ஒரே பெயரில் இரண்டு வந்தால் பழையதை வெளியே எடு." சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் திறந்த, 3.717 கிலோமீற்றர் நீள ட்ராக்கை இரண்டு பேர் தனித்தனியே மொட்டாகச் செய்து, இருவரும் போல்டருக்கு மெட்ராஸ் என்றே பெயர் வைத்தார்கள் என்று வையுங்கள். ஒன்றன் மேல் மற்றதைக் கொப்பி பண்ணினால் விண்டோஸ் 'மாற்றவா' என்று கேட்கும், ஓம் என்போம். பழையது போய்ப் புதியது வந்ததாக நினைப்பது பிழை. பெயர் ஒத்தவை மாறும், ஒவ்வாதவை தங்கிவிடும். கிடைப்பது அவருடைய தார், இவருடைய புல். எனவே பழைய போல்டரை வெளியே எடுத்த பிறகே புதியதை வை.

'ஒன்றுக்குப் பெயரை மாற்றினால் என்ன' என்ற கேள்வி நியாயமானது. ஆனால் காருக்கு அது செல்லாது. டேட்டா.ஏசிடியைப் பூட்டும் திறப்பு அந்தக் கார் போல்டரின் பெயரிலிருந்தே உண்டாகிறது. பெயரை மாற்றினால் பூட்டு திறக்காது. சத்த ஃபைலும் பழைய பெயரிலேயே இருக்கும், கார் ஊமையாகும். இந்தச் சூட்சுமம் தெரியாமல் இரவிரவாக முழிப்பவர்கள் அதிகம்.

"வீடு இரண்டு, விறாந்தை ஒன்று." வீடு என்றது இன்ஸ்டலேஷனை. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒத்துப்போகாத மொட்களை ஒரு போல்டரில் சமாதானம் செய்வதைவிட இரண்டு போல்டர் வைப்பது நல்லது. ஸ்டீம், காமன் என்ற போல்டருக்குள் 'அசெட்டோகோர்சா' என்ற பெயரைத்தான் தேடும். யாருடைய முறையோ அவனுடைய போல்டருக்கு அந்தப் பெயர், மற்றதற்கு வேறு பெயர். கேமை மூடிவிட்டு மாற்ற வேண்டும், அவ்வளவே. இடம் போதாவிட்டால் ட்ராக்குகளை ஒரே இடத்தில் வைத்து, இரண்டு வீட்டிலிருந்தும் ஜங்ஷன் என்ற இணைப்பைப் போடலாம். ஆனால் பொதுவில் வைத்த ட்ராக்கில் ஒருவன் கைவைத்தால் மற்றவனுக்கும் மாறும்.

விறாந்தை என்றது டொக்யுமென்ட்ஸ் போல்டரை. கேமை எத்தனை இடத்தில் வைத்தாலும், ஸ்டியரிங், பெடல், திரை பற்றிய அமைப்புகள் எல்லாம் அங்கே ஒரே போல்டரில் எழுதப்படும். போல்டரை ஒழுங்காக மாற்றியும் 'என்ர ஸ்டியரிங் ஏன் இப்பிடிச் சுத்துது' என்று தம்பி கத்துவது இதனால்தான். பரிகாரம், விண்டோஸில் ஆளுக்கொரு கணக்கு. ஒவ்வொரு கணக்குக்கும் தனி டொக்யுமென்ட்ஸ் உண்டு.

இலங்கை பஸ் மொட்களைப் போட்டு ஓட்ட நம் பெடியள் ஆசைப்படும் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 இந்த விசயத்தில் கெட்டித்தனமானது. அங்கே எந்த மொட் எந்த வரிசையில் என்பதை ஒவ்வொரு புரொஃபைலும் தனித்தனியே நினைவில் வைக்கும், பட்டியலில் மேலே இருப்பது வெல்லும். அதுவும் போதாவிட்டால் ஹோம்-டிர் என்று ஒரு கட்டளையைச் சேர்த்து விறாந்தையையே வேறிடத்துக்கு மாற்றலாம். குனோஸ்காரர் இப்படி ஒன்றை வைத்திருந்தால் எனக்கு இந்த வரி மிச்சம்.

"பிந்திப் போட்டதை முந்திக் கழற்று." ஜேஎஸ்ஜிஎம்இ என்ற பழைய சின்னக் கருவி, மொட்டைப் போடும்போது மூல ஃபைலை எடுத்து வைத்து, கழற்றும்போது திருப்பி வைக்கும். அசெட்டோ கோர்சாவின் மொட்களை நிர்வகிக்கும் கன்டென்ட் மனேஜரிலும் இதே வசதி உண்டு. ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருந்தால் அடியில் உள்ளதை முதலில் உருவ முடியாது. வேறு விளக்கம் வேண்டாம்.

"போட்டிக்குப் போகிறவன் கையை விரித்துக் காட்டு." சேர்வர், உன் காரின் டேட்டா ஃபைலும் ட்ராக்கின் தரையைச் சொல்லும் ஃபைலும் தன்னிடம் உள்ளவையோடு ஒத்துப்போகின்றனவா என்று கணக்குப் போட்டுப் பார்க்கும். ஒரு எழுத்து வேறுபட்டாலும் வெளியே. காருக்கு அடித்த நிறத்தையும் எஞ்சின் சத்தத்தையும் அது பொருட்படுத்தாது, ஆகவே அவற்றைத் தம்பி விருப்பம்போல் மாற்றலாம். அவனைச் சேர்வர் துரத்தினால், பெரும்பாலும் அண்ணன் முதல்நாள் ஓடிவிட்டுப் போல்டர் பெயரைத் திருப்பி மாற்றாமல் போயிருப்பான். அதற்காக டெஸ்க்டொப்பில் அந்தப் பெயர்களை மாற்றிவிடும் இரண்டு பேட்ச் (.bat) ஃபைல் செய்து வைத்திருக்கிறேன். ஒன்றை அழுத்தினால் அண்ணன் வீடு, மற்றதை அழுத்தினால் தம்பி வீடு.