மாத்திரைக் கணக்கும் மாடிப்படிக் கணக்கும்

நாற்பது படிகள் கொண்ட மாடிப்படி ஒன்று உள்ளது. ஒரு தடவைக்கு ஒரு படியோ இரண்டு படியோ ஏறலாம். உச்சியை அடைய எத்தனை வழிகள் உண்டு? டில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் பிள்ளைகள் கணினிப் போட்டிகளுக்குப் பயிலும்போது இக்கணக்கைச் சந்திக்காமல் இருப்பதில்லை.

பைத்தான் மொழியில் மாணவன் விடை எழுதுகிறான். 39 படிகளுக்குரிய வழிகளையும் 38 படிகளுக்குரிய வழிகளையும் கூட்டினால் 40-க்கு விடை. அவ்விரண்டையும் இவ்வாறே காண்க என்பது அவன் நிரல். கருத்து சரியே, ஆனால் குறித்த நேரத்துள் விடை வரவில்லை. கணினி பழையது என்று அவன் குறைகூற, நாமும் புதியது வாங்கப் பணம் எண்ணுகிறோம்.

குறை கணினியினுடையதன்று. கண்ட விடையை மறந்து, கேட்ட கேள்வியையே அந்நிரல் திரும்பத் திரும்பக் கேட்கிறது. ஒன்று, இரண்டு படிகளுக்கு விடையை முன்பே தந்திருப்பினும், 40 படிகளுக்கு அது 20,46,68,309 தடவை இயங்குகிறது. இருமடங்கு விரைவுள்ள கணினியை வாங்கினாலும், அதே நேரத்தில் 41 படிகளைத்தான் எட்ட முடியும்.

இக்கணக்கு நம் நாட்டில் மிகப் பழையது. பிராகிருத யாப்பிலே குறுகிய அசைக்கு ஒரு மாத்திரை, நீண்ட அசைக்கு இரண்டு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று கற்ற நமக்கு இது அயலன்று. குறித்த மாத்திரை கொண்ட அடியை எத்தனை வகையாக அமைக்கலாம் என்று யாப்பாசிரியர் ஆராய்ந்தனர். முந்திய இரண்டு எண்களைக் கூட்டினால் அடுத்தது கிடைக்கும் என்னும் விதியை விரஹாங்கர் உரைத்தார். குஜராத்தில் வாழ்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரர் ஏறத்தாழ 1150-இல் அதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். இத்தாலியரான பிபொனாச்சி முயல் கணக்கின் வாயிலாக இவ்வெண்களைத் தம் நூலில் தந்தது 1202-இல்.

1, 2, 3, 5, 8, 13 என்று கீழிருந்து கூட்டிச் செல்க. கடைசி இரண்டு எண்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 38 கூட்டல்களில் 16,55,80,141 என்னும் விடை கண்ணிமைப்பதற்குள் வந்துவிடும். கண்ட விடையைக் குறித்துவைக்கும் உத்திக்கு, 1968-இல் டொனால்டு மிக்கி என்னும் ஆங்கிலேய அறிஞர் ‘மெமோ’ என்று பெயரிட்டார். 2011-இல் வெளிவந்த பைத்தான் 3.2 பதிப்பில் அதற்கென ஒரு வசதியே சேர்க்கப்பட்டது.

ஆகவே, பிள்ளையின் நிரல் தயங்கினால், கடைக்குப் புறப்படுமுன் நாம் அவனிடம் ஒன்று கேட்போம்: “இதே கேள்வியை எத்தனை தடவை கேட்கிறாய், தம்பி?”